கேமராவிலிருந்து கணினிக்குப் படங்கள்: கார்டு ரீடரா, கேபிளா, வைஃபையா?

எடுத்த படம் வீட்டுக் கணினிக்கு வந்து சேரும்வரை ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது: 32 மில்லிமீட்டர் உயரமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஓர் எஸ்டி கார்டில். அதற்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே எந்த வழியில் படங்களைக் கணினிக்கு மாற்றுவது என்பதை வேகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியல்ல. அசல் கோப்பு சிறிதும் குறையாமல் வருகிறதா, பாதி வழியில் இணைப்பு அறுந்தால் கார்டில் உள்ளவற்றுக்கு ஆபத்து உண்டா, எல்லாம் வந்துவிட்டன என்பதை நாமே சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா என்ற மூன்று கேள்விகளையும் முதலில் கேட்டுவிட்டு, வேகத்தை நான்காவதாக வைப்பதே முறை. இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலானோருக்குக் கார்டு ரீடரே சிறந்தது என்பது என் முடிவு. கேபிளுக்கு உரிய இடம் ஒன்று உண்டு, புதிய கேமராக்களில் அந்த இடம் பெரிதாகியும் வருகிறது. வைஃபை ஒரு சில படங்களை அவசரமாக அனுப்புவதற்கு மட்டுமே ஏற்றது.

கார்டு ரீடரின் முதன்மையான பலம், கார்டில் உள்ளதை உள்ளபடியே காட்டுவது. கார்டைச் செருகியதும் அது ஒரு பென் டிரைவைப் போலத் தனி டிரைவாகத் தோன்றும். உள்ளே டிசிஐஎம் என்ற ஃபோல்டரும், அதற்குள் 100கேனான் என்பது போல மூன்று இலக்கத்தில் தொடங்கும் ஃபோல்டர்களும், அவற்றுக்குள் படங்களும் இருக்கும். எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் இந்த அமைப்பு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதற்குக் காரணம், எல்லோரும் டிசிஎஃப் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுவதுதான். படத்தின் எண் 9999ஐத் தொட்டதும் அடுத்த படம் மீண்டும் 0001இலிருந்து தொடங்கும். ஆகையால் இரண்டு வெவ்வேறு நாள்களின் படங்கள் ஒரே பெயரில் அமைவது சாதாரணம். எல்லாவற்றையும் கணினியில் ஒரே ஃபோல்டரில் கொட்டுபவரிடம் "இதே பெயரில் கோப்பு உள்ளது, மாற்றட்டுமா?" என்று கணினி கேட்கும்போது, யோசிக்காமல் சம்மதம் கொடுத்தால் பழைய படம் போய்விடும். ஒவ்வொரு முறையும் 2024-05-12 என ஆண்டு முன்னால் வரும்படி பெயரிட்ட புதிய ஃபோல்டரில் இறக்கினால் இந்தத் தொல்லையே எழாது, ஃபோல்டர்களும் தாமாகவே கால வரிசையில் அமைந்துவிடும்.

டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துக்கொண்டு கார்டை அழித்துவிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏவிசிஎச்டி முறையில் பதிவாகும் வீடியோக்கள் டிசிஐஎம்முக்கு வெளியே, பிரைவேட் என்ற தனி ஃபோல்டருக்குள் பல அடுக்குகள் உள்ளே தள்ளி இருக்கும். சோனி கேமராக்களின் எக்ஸ்ஏவிசி-எஸ் வீடியோக்களும் அந்தப் பிரைவேட் ஃபோல்டரில்தான் சேர்கின்றன. படமும் வீடியோவும் கலந்து எடுப்பவர் கார்டில் உள்ள எல்லா ஃபோல்டர்களையும் மொத்தமாக நகலெடுப்பதே பாதுகாப்பானது. ரீடரில் போட்டால் இந்த ஃபோல்டர்கள் எல்லாம் கண்முன்னே தெரியும் என்பதால்தான் நான் அதை முன்னால் வைக்கிறேன்.

எஸ்டி கார்டின் இடப்பக்க விளிம்பில் ஒரு சிறிய தள்ளு பொத்தான் இருக்கிறது. ரீடரில் செருகும் முன் அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டால், பெரும்பாலான ரீடர்களில் கணினியால் கார்டைப் படிக்க மட்டுமே முடியும், எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. தவறுதலாக 'கட்' கொடுத்துவிட்டாலும் படங்கள் கார்டிலேயே பத்திரமாக இருக்கும். திரும்பக் கேமராவில் போடும்போது பொத்தானைப் பழைய நிலைக்குத் தள்ள மறந்தால், கார்டு பூட்டப்பட்டுள்ளது என்று கேமரா சொல்லும், அவ்வளவுதான்.

ரீடரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, பழைய ரீடர்கள். 32 ஜிகாபைட் வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பையும், அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் அமைப்பையும் கொண்டவை. எஸ்டிஎக்ஸ்சி தரம் அறிவிக்கப்பட்டது 2009இல்தான் என்பதால், அதற்கு முந்தைய ரீடரிலோ கணினியிலோ 64 ஜிகாபைட் கார்டைப் போட்டால் அது தெரியாமல் போகலாம். சில வேளைகளில் "இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்ற செய்தியும் வரும். அந்தச் செய்திக்கு ஒருபோதும் சம்மதம் தரக்கூடாது. கார்டில் படங்கள் நன்றாகவே இருக்கும், அதைப் படிக்கும் திறன் அந்த ரீடருக்கோ கணினிக்கோ இல்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். ரத்து செய்துவிட்டு வேறு ரீடரில் பாருங்கள்.

இரண்டாவது, தேய்மானம். எஸ்டி கார்டின் தட்டையான தொடுபுள்ளிகள் அடிக்கடி செருகி எடுப்பதைத் தாங்கக்கூடியவை. பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுகளின் நிலைமை வேறு. அவற்றில் ஐம்பது ஊசிகள் கேமராவுக்குள்ளும் ரீடருக்குள்ளும் நீட்டிக்கொண்டிருக்கும். கார்டைச் சற்றே சாய்வாகத் திணித்தால் ஓர் ஊசி வளைந்துவிடும், அது கேமராவுக்குள் நேர்ந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். அத்தகைய கேமராவை இன்றும் வைத்திருப்பவருக்கு, கார்டை வெளியே எடுக்கத் தேவையில்லாத கேபிள் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

கேபிளில் இணைத்தால் எல்லாக் கேமராக்களும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. சில, மாஸ் ஸ்டோரேஜ் என்ற முறையில், ரீடரில் போட்ட கார்டைப் போலவே தனி டிரைவாகத் தோன்றும். பல கேமராக்களோ பிடிபி அல்லது அதன் விரிவான எம்டிபி என்ற முறையில் பேசுகின்றன. அப்போது விண்டோஸ் கணினியில் டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல் கேமராவின் பெயர் மட்டும் தெரியும். மேக் கணினியின் ஃபைண்டரில் அதுவும் தெரியாது, இமேஜ் கேப்சர் அல்லது ஃபோட்டோஸ் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். "கேபிளைச் செருகினேன், ஒன்றுமே வரவில்லை" என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் எதிர்கொள்வது இதைத்தான். இன்னொரு பகுதியினர் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே பயன்படும் கேபிளைச் செருகியிருப்பார்கள். அதில் மின்சாரம் செல்லும் கம்பிகள் இருக்கும், தரவு செல்லும் கம்பிகள் இருக்காது.

பிடிபி முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது போதிய அளவு பேசப்படுவதில்லை என்று நினைக்கிறேன். கணினி கார்டை நேரடியாகத் தொடுவதில்லை. இந்தக் கோப்பைக் கொடு என்று கேமராவிடம் கேட்கிறது, கேமராவே கார்டிலிருந்து படித்துத் தருகிறது. ஆகவே கணினி கார்டுக்குள் தன் மறைவுக் கோப்புகளை எழுதிவைப்பதில்லை, கேபிளை நடுவில் பிடுங்கிவிட்டாலும் கார்டின் கோப்பு அமைப்பு குலைவதற்கான வாய்ப்பு குறைவு. ஆனால் இதே குணம் வேறோரிடத்தில் தடையாகிறது: டிரைவாகத் தெரியாத ஒன்றை, இரு ஃபோல்டர்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மென்பொருள்களாலும், அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள்களாலும் அணுக முடியாது.

கேபிள் வழியின் வேகம் கேமராவில் உள்ள யுஎஸ்பி துளையைப் பொறுத்தது. யுஎஸ்பி 2.0 தரம் 2000ஆம் ஆண்டிலும் 3.0 தரம் 2008இலும் வந்தன. ஆனால் 2017இல் வெளியான கேனான் 6டி மார்க் 2 கேமராவிலும் யுஎஸ்பி 2.0தான் இருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த சோனி ஏ7 வரிசையின் மூன்றாம் தலைமுறைக் கேமராவில் டைப்-சி, மைக்ரோ யுஎஸ்பி என இரண்டு துளைகள் உள்ளன. டைப்-சி வேகமானது, மற்றது 2.0 வேகத்தில் மட்டுமே இயங்கும். கைக்குக் கிடைத்த பழைய கேபிளை மைக்ரோ துளையில் செருகுபவர், அருகிலேயே வேகமான துளை இருப்பதை அறியாமலே காத்திருக்கிறார். கேபிள் வழியில் கேமரா இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், பேட்டரி நிறைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

இனி வேகக் கணக்கு. கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதிவு செய்யும் ரா கோப்பு ஒன்று 25 மெகாபைட் எனக் கொண்டால், 400 படங்கள் 10 ஜிகாபைட் ஆகும். யுஎஸ்பி 2.0இன் ஏட்டளவு வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட், நடைமுறையில் கிடைப்பது ஏறத்தாழ 35 மெகாபைட். அந்த வேகத்தில் இந்தப் படங்கள் வந்துசேர 5 நிமிடம் பிடிக்கும். யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்சம் விநாடிக்கு 104 மெகாபைட், யுஎஸ்பி 3.0 ரீடரில் 90 கிடைத்தால் 2 நிமிடத்துக்குள் முடியும். பின்பக்கம் இரண்டாவது வரிசைத் தொடுபுள்ளிகளைக் கொண்ட யுஎச்எஸ்-2 கார்டின் உச்சம் 312 மெகாபைட், அதில் 250 கிடைத்தால் 40 விநாடி. ஆனால் யுஎச்எஸ்-2 கார்டைச் சாதாரண ரீடரில் போட்டால் அது யுஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். யுஎச்எஸ்-1 கார்டு ஒன்றின் மேல் 170 என்று அச்சிட்டிருந்தாலும், அந்த வேகத்தைத் தருவது அந்த நிறுவனத்தின் தனி முறையை அறிந்த ரீடர் மட்டுமே. எவ்வளவு நல்ல ரீடரானாலும் அதைக் கணினியின் யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் எல்லாம் வீண்.

சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற அதிவேகக் கார்டைப் பயன்படுத்தும் உயர்நிலைக் கேமராக்களில்தான் இந்தக் கணக்கு மாறுகிறது. அந்தக் கார்டுக்கான ரீடர் விலை மிகுந்தது. கேமராவிலேயே விநாடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள டைப்-சி துளை இருக்குமானால், அதே வேகத்தைத் தாங்கும் கேபிள் ஒன்று போதும், ரீடருக்குத் தனியாகச் செலவிட அவசியமில்லை.

வைஃபை பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. விநாடிக்கு 3 மெகாபைட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே 10 ஜிகாபைட் வந்துசேர ஏறத்தாழ 55 நிமிடம் ஆகும், அதுவரை கேமரா அணையாமல் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வருவது அசல்தானா என்பது. நிகானின் ஸ்னாப்பிரிட்ஜ் போன்ற செயலிகள் தாமாகவே கைபேசிக்கு அனுப்பும் படங்கள் 2 மெகாபிக்சலாகச் சுருக்கப்பட்டவையாக இருக்கலாம். 6000க்கு 4000 பிக்சல் அளவில் எடுத்த படம் அப்படிச் சுருங்கி வந்தாலும் கைபேசித் திரையில் அழகாகவே தெரியும், குறை கண்ணில் படாது. சுவரில் மாட்டப் பெரிதாக அச்சிடும் நாளில்தான் அது தெரியவரும். கைபேசிக்கு வந்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகக் கணினிக்கு அனுப்பினால் அது மேலும் சுருங்குவதோடு, எடுத்த தேதி, லென்ஸ், ஷட்டர் வேகம் முதலிய எக்ஸிஃப் விவரங்களும் உதிர்ந்துவிடும். கணினிக்கு நேராகவே அனுப்ப வசதி தரும் கேமராக்கள் உண்டு, கேனானின் இஓஎஸ் யுடிலிட்டி மென்பொருள் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே அசல் கோப்பே வரும் என்றாலும் வேகத்தின் குறை தீராது. இத்தகைய வசதிகள் நிறுவனத்தின் சேவையையும் செயலியையும் நம்பியே இருக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது. கார்டுக்குள்ளேயே வைஃபையை வைத்து விற்ற ஐ-ஃபை நிறுவனம் 2016இல் தன் பழைய கார்டுகளுக்கான சேவையை நிறுத்தியபோது, அவற்றை வாங்கியவர்கள் கையில் இருந்த கார்டுகளின் அந்தத் தனிச்சிறப்பே இல்லாமல் போயிற்று.

எந்த வழியானாலும் 'கட்' அல்ல, 'காப்பி' மட்டுமே செய்ய வேண்டும். லைட்ரூம், டிஜிகேம் போன்ற மென்பொருள்கள் தேதிவாரியாக ஃபோல்டர் பிரித்து, முன்பே வந்த படங்களைத் தவிர்த்து இறக்கித் தருவது உண்மையிலேயே பெரிய உதவி. இறக்கியதும் கார்டிலிருந்து அழிக்கும் தெரிவு எந்த மென்பொருளில் இருந்தாலும் அதை அணைத்துவையுங்கள். ரீடரில் நகலெடுத்து முடிந்ததும் கார்டின் ஃபோல்டரையும் கணினியின் ஃபோல்டரையும் தனித்தனியே வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் திறந்தால், கோப்புகளின் எண்ணிக்கையும் 'சைஸ்' என்ற வரியில் மொத்த பைட்டுகளும் தெரியும். இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே உள்ள 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற வரி வேறுபடுவது இயல்பு. டிஸ்கில் இடம் ஒதுக்கும் முறை கார்டுக்கும் கணினிக்கும் வேறு என்பதே அதற்குக் காரணம், அதைக் கண்டு பதற வேண்டாம். எண்கள் ஒத்தபின், நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள்.

கணினியில் ஒன்றும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் அமைந்த பிறகே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவின் மெனுவிலேயே செய்தால், கேமரா தனக்கு வேண்டிய ஃபோல்டர்களைத் தானே அமைத்துக்கொள்ளும். ஃபார்மட் செய்த பிறகு ஏதோ ஒரு படம் விடுபட்டது தெரியவந்தால், அந்தக் கார்டில் அதன்பின் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் கோப்புகளின் அட்டவணையை மட்டுமே அழிக்கும் என்பதால், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளுக்கு வாய்ப்பு இருக்கிறது. அந்த மென்பொருள் கார்டை ஒரு டிரைவாகக் கண்டால்தான் வேலை செய்யும். எனவே எப்போதும் கேபிளிலேயே படம் இறக்குபவரும் ஒரு கார்டு ரீடரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.