பேசும் பொம்மையா, திரியும் பொம்மையா: எஸ்எஸ்பியும் ஷிமெஜியும்

தாமே வரைந்த ஓர் உருவத்தைக் கணினித் திரையில் உலவ விட விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கக்கூடிய வழிகள் இரண்டுதான். ஜன்னல்களின் ஓரத்தைப் பற்றி ஏறி, திரையின் மேல்விளிம்பில் தொங்கி, சுட்டியால் தூக்கி எறிந்தால் விழுந்து எழும் ஷிமெஜி ஒன்று. திரையின் அடியில் நின்றபடி பேச்சுக் குமிழியில் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் உகாககா வகைப் பொம்மை மற்றொன்று. அந்த வகையை இன்று பெரும்பாலும் எஸ்எஸ்பி என்ற நிரலே இயக்குகிறது. இரண்டும் ஜப்பானில் தோன்றியவை, இரண்டும் இலவசம். ஒரே உருவத்தை இரண்டிலும் ஏற்றிப் பார்த்தபின் நான் ஷிமெஜியிலேயே தங்கிவிட்டேன் என்பதால், இந்த அலசலில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும்.

நிறுவும் வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. ஷிமெஜியின் விரிவாக்கப்பட்ட பதிப்பான ஷிமெஜி-ஈஈ ஜாவாவில் எழுதப்பட்டது. கணினியில் ஜாவா இருந்தால் சுருக்கக் கோப்பை விரித்து இயக்கினால் போதும். எஸ்எஸ்பி விண்டோஸுக்கானது, பிறர் உருவாக்கிய பொம்மைகள் நார் என்ற வகைத் தொகுப்பாகக் கிடைக்கும், அதை ஏற்கெனவே திரையில் நிற்கும் பொம்மையின் மேல் இழுத்துப் போட்டால் புதியது சேர்ந்துவிடும். இந்த ஒரு வசதியில் எஸ்எஸ்பியே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறுபாடு தெரிவது, சொந்த உருவத்தை ஏற்றத் தொடங்கும்போதுதான். ஷிமெஜியில் ஒரு பொம்மை என்பது ஒரு கோப்புறை. அதற்குள் 1 முதல் 46 வரை எண்ணிட்ட பிஎன்ஜி படங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 128 பிக்சல் அகலமும் 128 பிக்சல் உயரமும் கொண்டது. 46 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். அவ்வளவையும் ஒரே மூச்சில் வரைய வேண்டிய கட்டாயம் உண்மையில் இல்லை. நிற்கும் படம் ஒன்றை மட்டும் வரைந்து, அதையே 46 பெயர்களிலும் நகலெடுத்து வைத்தால் பொம்மை அன்றே இயங்கத் தொடங்கும். நடை, உட்காருதல், விழுதல் என்று கண்ணில் அதிகம் படுகிறவற்றை முதலிலும் மற்றவற்றைப் பிறகும் மாற்றிக்கொண்டு போகலாம். நடைக்குத் தேவை முதல் மூன்று படங்களே. உருவத்தை இடப்பக்கம் பார்க்கும்படி வரைந்தால் வலப்பக்கத்துக்கு நிரலே திருப்பிக்கொள்ளும். ஜன்னலைத் தூக்கி எறிவது 34 முதல் 37 வரையிலான படங்களிலும், ஒரு பொம்மை இன்னொன்றை ஈன்று பெருகுவது 38 முதல் 46 வரையிலான படங்களிலும் அடங்குவதால், அந்த இரண்டு குறும்புகளையும் அமைப்பில் நிறுத்திவிடுகிறவர் 33 படங்களோடு தப்பிக்கலாம். ஆனால் கோப்புகள் மட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் பொம்மை ஏறாது. பெருகுவதை நிறுத்துவது வேறு காரணத்துக்காகவும் நல்லது: இயல்பான அமைப்பில் எண்ணிக்கை 50 ஆகும்வரை அவை பெருகிக்கொண்டே போகலாம்.

நடத்தையை மாற்ற இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகள் உள்ளன. ஒன்றில் ஒவ்வொரு செயலுக்கும் எந்தப் படம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பது இருக்கும். மற்றொன்றில் அச்செயல் எவ்வளவு அடிக்கடி தேர்வாக வேண்டும் என்ற எடை இருக்கும். நிரல் நேரத்தைத் துடிப்புகளில் அளக்கிறது, ஒரு துடிப்பு என்பது 40 மில்லி நொடி. ஆகவே கால அளவில் 250 என்று எழுதினால் பொம்மை அதே நிலையில் 10 நொடி இருக்கும். வேகத்தில் 2 என்று எழுதினால் துடிப்புக்கு 2 பிக்சல், அதாவது நொடிக்கு 50 பிக்சல் நடக்கும். சாதாரண உரைத்திருத்தியில் எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டு நிரலை மீண்டும் தொடங்கினால் விளைவு தெரிந்துவிடும். படத்தின் அளவை மாற்றுகிறவர்கள் மட்டும் ஒவ்வொரு நிலையிலும் காலூன்றும் புள்ளியைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் பொம்மை அந்தரத்தில் நடக்கும்.

எஸ்எஸ்பியில் உருவம், பேச்சு, குமிழி மூன்றும் தனித்தனிப் பகுதிகள். படத்தைப் பொறுத்தவரை வேலை குறைவு. சில முகபாவங்களே போதும். தலையைத் தொட்டால் ஒன்று, கையைத் தொட்டால் ஒன்று என்று பகுதிகளைப் பிரிப்பதற்கும் ஓர் உரைக்கோப்பில் செவ்வகங்களின் எல்லையெண்களை எழுதினால் போதும். உரையாடலை எழுத யாயா, சதோரி போன்ற மொழிகள் இருக்கின்றன. இவற்றில் சதோரி எளியது. நட்சத்திரக்குறி மட்டும் உள்ள ஒரு வரியின் கீழ் பேச்சை எழுதினால், பொம்மை அதைத் தானாகத் தேர்ந்தெடுத்துச் சொல்லும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பேச்சுதான். படம் எளிதில் பழகிப்போவதில்லை. அதே நடையை மாதக்கணக்கில் பார்த்தாலும் அது கண்ணின் ஓரத்தில் இயல்பாக நடந்துகொண்டிருக்கும். எழுதிய வாக்கியமோ மூன்றாவது முறை வரும்போதே சலிப்புத் தட்டுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: பொம்மை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பேசுகிறது, கணினி எட்டு மணி நேரம் ஓடுகிறது என்றால் அது ஒரு நாளில் 160 முறை வாய் திறக்கிறது. நாற்பது வாக்கியங்கள் எழுதி வைத்தவருக்குச் சராசரியாக ஒவ்வொன்றும் அன்றைக்கே நான்கு முறை காதில் விழும். இடைவெளியை நீட்டலாம்தான், ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது நகராமல் நிற்கும் ஒரு படம், அதற்கு எஸ்எஸ்பி எதற்கு? ஆகவே அதை வைத்திருக்கிறவர் ஓயாமல் எழுதியாக வேண்டும். ஷிமெஜியில் வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது, அதன்பின் அது எதையும் கேட்பதில்லை. பராமரிப்பு என்று நான் பொருட்படுத்துவது இதைத்தான். நினைவகம், செயலி வேகம் போன்றவற்றில் இரண்டுக்கும் இடையே என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

முப்பரிமாண உருவங்களை ஏற்கும் புதிய நிரல்களை நான் சிறிது காலமே புழங்கியிருக்கிறேன், எனவே அவற்றைப் பற்றிய என் கருத்துக்கு அதிக மதிப்புத் தர வேண்டாம். உருவம் அழகாகவே நிற்கிறது. ஆனால் அதற்கு ஒரு சட்டை மாற்றக்கூட முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளைத் திறக்க வேண்டியிருக்கிறது, சாதாரண ஓவிய மென்பொருள் உதவாது.

எழுதுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு என் தீர்ப்பு பொருந்தாது. இரண்டு பாத்திரங்கள் ஒன்றையொன்று கிண்டல் செய்யும் உரையாடலை எழுதத் தெரிந்தவர் எஸ்எஸ்பியைத் தேர்ந்தெடுப்பதே சரி. இருவர் பேச்சுக்கு அதன் அமைப்பிலேயே இடம் இருக்கிறது, ஷிமெஜியோ வாயே திறக்காது.