மரவீட்டை அத்திவாரத்தோடு பூட்டுதல்: உப்புக்காற்றுக்கு எது நிற்கும்?

திருகோணமலை உப்புவெளியில் மாமாவின் பழைய மரவறையைப் பிரித்தபோது அடிச்சட்டத்திலிருந்த (அத்திவாரத்தின் மேல் படுக்கவைக்கும் மரத்திலிருந்த) ஒரு போல்ட்டைக் கழற்றப் போனேன். நட்டின் மேல் பூசிய வர்ணம்கூட உரியவில்லை. மரமும் கொங்கிறீட்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் துரு அரித்து, பென்சில் கூரளவுக்கு மெலிந்து கிடந்தது. சாவியை ஒரு திருப்புத் திருப்பினேன், முறிந்துவிட்டது.

கல்வீட்டைக் காற்றிலிருந்து காப்பது அதன் பாரம். மரவீட்டுக்கு அது கிடையாது. கூரைமேல் பாயும் காற்று வீட்டை மேலே இழுக்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரை கடந்தது நமக்குச் சற்று வடக்கேதான்.

தூணை மண்ணில் நடுவது நம் கொட்டில்களின் பழைய வழி. செலவில்லை, தொடக்கத்தில் பிடிப்பும் நல்லது. ஆனால் மண்மட்டத்தில் ஈரமும் கறையானும் சேர்ந்து தின்னும். பாலையோ முதிரையோ என்றால் சில காலம் கூட நிற்கும். தூணைச் சுற்றிக் கொங்கிறீட் போட்டாலும் மரம் சுருங்கிய இடைவெளியில் நீர் தேங்கும். குடியிருக்கும் வீட்டுக்கு இதை நான் ஒப்பமாட்டேன்.

புதிதாகக் கட்டுவோருக்கு என் முதல் தெரிவு, கொங்கிறீட் போடும்போதே வளைகால் போல்ட்டுகளைப் பதிப்பது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் அரை அங்குல போல்ட் 7 அங்குலம் உள்ளே இறங்க வேண்டும், இடைவெளி 6 அடிக்கு மிஞ்சக்கூடாது, சட்டத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒன்று வேண்டும் என்கின்றன. காற்று கூடிய இடத்தில் இன்னும் நெருக்கமாகப் போடுவது நல்லது. இதில் சிக்கல் அவசரம்தான். பாதி இறுகிய கலவைக்குள் போல்ட்டைக் கையால் குத்தி இறக்குகிறார்கள். அது சாய்ந்து நிற்கிறது. பிறகு மரத்துளையைப் பெரிதாக்கிச் சமாளிக்கிறார்கள். பிடிப்பு அங்கேயே போய்விடுகிறது. அளவெடுத்துத் துளையிட்ட பலகையில் போல்ட்டுகளை முன்பே மாட்டி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

துளையிட்டு அடித்து விரிக்கும் போல்ட் வேலையைச் சுருக்கும். ஆனால் அது கொங்கிறீட்டைப் பக்கவாட்டில் நெம்பும். அடிச்சட்டம் இருப்பதோ அத்திவாரத்தின் ஓரத்தில். வெடிப்பு அங்கே எளிதில் வரும்.

ஏற்கெனவே தளம் இருந்தால் துளைக்குள் எபொக்சி போன்ற பிசின் நிரப்பி மரைக்கம்பி நாட்டுவதே மேல். விலை அதிகம், பொறுமையும் வேண்டும். துளையைத் தூரிகையால் தேய்த்து, ஊதி, மறுபடியும் தேய்த்து ஊத வேண்டும். தூசி மிஞ்சினால் பிசின் தூசியைத்தான் பிடிக்கும், கொங்கிறீட்டை அல்ல. பிசின் இறுகும்வரை நட்டைத் தொடவும் கூடாது.

இவற்றில் எதுவும் அடிச்சட்டத்தை மட்டுமே பிடிக்கும். தூண் அந்தச் சட்டத்தில் வெறும் ஆணியில் நின்றால் காற்று தூணைப் பிடுங்கிக்கொண்டு போகும். தூணையும் கைமரத்தையும் உலோகப் பட்டையால் கீழ்வரை தொடர்ந்து கட்ட வேண்டும்.

உலோகத்தில் ஏமாறாதீர்கள். கடையில் மினுங்கும் மெல்லிய முலாம் கடற்கரையில் விரைவில் போய்விடும். உருக்கிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்த்தது பரவாயில்லை. 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு மிக நன்று. இந்த இரண்டையும் ஒரே பூட்டில் சேர்த்தால் நாகம் முதலில் அரிபடும், ஆகவே வொஷரும் அதே உலோகமாக இருக்கட்டும். மரத்துக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவே ஈரத்தடுப்புத் தாளும் வேண்டும்.

மாமாவின் புதிய அறைக்குப் பிசினும் 316 கம்பியும் போட்டோம். ஆறு மாதத்துக்குப் பின் போய்ச் சாவியை வைத்தேன். மரம் காய்ந்து சுருங்கியிருந்ததால் ஒவ்வொரு நட்டும் அரைச்சுற்று இறங்கியது.