கட்டைவிரல் ஒக்சிமீற்றர்: சீபாப் மெஷினோடு சேர்த்துப் பாவித்ததில் கண்டவை

நித்திரையில் மூச்சுத் தடைப்படும் வருத்தத்துக்காக நான், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திவிடும் சீபாப் மெஷின் பாவிக்கிறேன். கனடாவிலிருந்து வந்த தங்கச்சி, இரவு முழுக்க ஒட்சிசனைப் பதியும் மோதிர ஒக்சிமீற்றர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். போன சிறுபோகத்துக்கு முன்னர் தொடங்கி இன்றுவரை அதைக் கட்டைவிரலில் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்தில் சீபாப் வைத்திருக்கிற சிலர், "ரீச்சர், அந்த மோதிரம் வாங்கினால் பிரயோசனமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரே அமைப்பில் பல கம்பனிகள் செய்வதால் பெயர் போடவில்லை. சொல்லப்போவது இந்த வகைச் சாமானுக்குப் பொதுவாகப் பொருந்தும்.

தனியாகப் படுக்கிற ஆளாக இருந்து, சீபாப்பும் தொடங்கியிருந்தால் தாராளமாக வாங்குங்கள். வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் வாங்க நினைத்தால் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

வேலை செய்யும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொரோனா காலத்தில் விரல் நுனியில் கௌவவைத்துப் பார்த்தோமே, அதே முறை. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, இரத்தம் எவ்வளவு ஒட்சிசனோடு ஓடுகிறது என்று கணக்கிடுகிறது. இது றப்பர் வளையமாக இருப்பதால் இரவில் புரண்டாலும் கழன்று விழாது. சில விநாடிக்கு ஒருமுறை ஒட்சிசனையும் நாடித்துடிப்பையும் பதிந்துகொண்டே இருக்கும். விடிய எழும்பிக் கழற்றினால் புளூடூத் வழியாகப் போனுக்கு வந்துவிடும். அதற்கு டேட்டா தேவையில்லை, சிக்னல் ஒரு கோடுகூட இல்லாத எங்கள் பின்னறையிலும் வேலை செய்கிறது.

வருத்தத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை ஒடுங்குகிறது, அல்லது முழுதாக அடைபடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ அப்படி நடந்தால் ஒன்று என்று எண்ணுவார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. யாழ்ப்பாணத்தில் செய்த பரிசோதனையில் எனக்கு 38 வந்தது. 1981 இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றை அழுத்திவிட்டால் அந்தப் பாதை மூடாமல் நிற்கும் என்று காட்டினார். இன்று நாங்கள் பாவிக்கிற சீபாப் மெஷின் அதன் வழியில் வந்ததுதான்.

சரி, மெஷினே கணக்கு வைக்கிறதே, இன்னொன்று எதற்கு? மெஷின் ஒவ்வொரு நாளும் விடியத் திரையில் காட்டும்: நேற்று எத்தனை மணித்தியாலம் ஓடியது, மணிக்கு எத்தனை தடை, மாஸ்க்கில் காற்று ஒழுகியதா. என்னுடையது மணிக்கு 2, 3 தடை என்றே காட்டிக்கொண்டிருந்தது. 5க்குக் கீழே இருந்தால் சிகிச்சை சரியாகப் போகிறது என்பார்கள். ஒரு இரவில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் போட்டால் நல்ல பாவனை என்றும் சொல்வார்கள். இரண்டிலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஆண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரவே பயமாக இருந்தது.

மோதிரத்தின் கோட்டைப் பார்த்ததும் காரணம் பிடிபட்டது. இரவு பத்து மணியிலிருந்து மூன்றரை வரை ஒட்சிசன் கோடு 96, 97 வீதத்தில் நேராகப் போகிறது. மூன்றரைக்குப் பிறகு அரிவாள் பல் மாதிரி: மெதுவாக 84 வரை இறங்கும், சட்டென்று ஏறும், திரும்ப இறங்கும். விடியும்வரை அப்படியே. நித்திரையிலேயே கை மாஸ்க்கைக் கழற்றிவிட்டிருக்கிறது. மெஷின் தான் ஓடிய ஐந்தரை மணித்தியாலத்துக்குத்தான் 2 என்று போட்டது. மிச்ச நேரத்தில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

அந்த மிச்ச நேரம் லேசான நேரமும் இல்லை. கனவு காணும் நித்திரை இரவின் கடைசிப் பகுதியில்தான் கூடுதலாக வரும். அப்போது தசைகள் மிகவும் தளர்வதால், பலருக்கு மூச்சுத் தடை மோசமாவதும் அந்த நேரத்தில்தான். விடியப்புறம் மாஸ்க் இல்லாமல் படுக்கிறவர், அது கூடுதலாகத் தேவைப்படுகிற நேரத்தில் அதை இழக்கிறார்.

கோட்டை அச்சடித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டொக்டர் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, மூன்றரைக்குப் பிறகு மாஸ்க் முகத்தில இருந்ததா?" என்பதுதான். பிறகு பேச்சு முழுக்க மாஸ்க்கைப் பற்றியே போனது. சோளகக் காலத்து வெக்கையில் முகம் வியர்க்கும், தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறங்கும், சிலிக்கன் வழுக்கும், இடுக்கால் காற்று கண்ணுக்குள் அடிக்கும். கை தானாகக் கழற்றிவிடும். இப்போது படுக்கமுன் சவர்க்காரம் போட்டு முகம் கழுவித் துடைக்கிறேன், எண்ணெயைக் காலைக்கு மாற்றிவிட்டேன். மாஸ்க்கும் ஒரு அளவு சிறிதாக மாற்றித் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களில் இரவில் எண்ணெய் வைத்துப் பின்னிப் படுக்கிறவர்கள் நிறையப் பேர். இதை எந்தக் கையேட்டிலும் நான் காணவில்லை.

இந்த மோதிரத்தில் அதிர்வு ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒட்சிசன் இறங்கினால் விரலில் அதிரும். டொக்டரிடம் கேட்டு 88 இல் வைத்தேன். மாஸ்க் கழன்று சிறிது நேரத்தில் எழுப்பிவிடும், திரும்பப் போட்டுக்கொண்டு படுப்பேன். சிகிச்சை தொடங்காதவர்கள் இதைப் போட்டால் இரவு முழுக்க எழுப்பிக்கொண்டே இருக்கும், அது அவர்களுக்கு உதவாது.

இனி எழுதப்போவதுதான் எனக்கு முக்கியம். இந்த வருத்தத்தைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பது பக்கத்தில் படுக்கிறவர். "நீங்கள் மூச்சை நிறுத்துறீங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வன்னியில் எத்தனை வீட்டில் பெண் தனியாக நின்று குடும்பம் நடத்துகிறாள் என்பது உங்களுக்கே தெரியும். என் வீடும் அப்படித்தான், மகனும் கொழும்பில் வேலை. அதற்கு மேல், பெண்கள் பலருக்கு இந்த வருத்தம் பெரிய குறட்டையாக வெளியே தெரியாது. காலைத் தலையிடி, தீராத அலுப்பு, நித்திரை வராமை என்றுதான் வரும். அதை வயது, பிரஷர், யோசனை என்று சொல்லி விட்டுவிடுவோம்.

அதோடு 2009 ஐப் பார்த்தவர்கள் நாங்கள். இரவில் திடுக்கிட்டு, மூச்சு முட்டி, நெஞ்சு அடித்துக்கொண்டு எழும்பாதவர் எங்கள் பக்கத்தில் குறைவு. நானும் வருடக்கணக்காக அப்படி எழும்பினேன். எல்லாம் அந்த நாள்களின் மிச்சம் என்றே எடுத்துக்கொண்டேன். அயலிலும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்கு மருந்து என்ன இருக்கிறது என்று பேசாமல் இருந்தேன்.

மோதிரம் ஒட்சிசனையும் நாடித்துடிப்பையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரைகிறது. திடுக்கிட்டு எழும்பிய இரவுகளை விடிய எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். சில இரவுகளில் ஒட்சிசன் முதலில் இறங்கியிருக்கும், பிறகு துடிப்பு எகிறியிருக்கும். அநேகமாக மாஸ்க் கழன்ற இரவுகள் அவை. வேறு சில இரவுகளில் ஒட்சிசன் 96 இல் அசையாமல் நிற்கும், துடிப்பு மட்டும் 62 இலிருந்து 110 க்குப் பாய்ந்திருக்கும். முதலாவது மூச்சினால் வந்தது. இரண்டாவது கனவு. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. முதலாவதுக்கு மாஸ்க் இருக்கிறது, அது இப்போது மிகவும் குறைந்துவிட்டது. இரண்டாவதைப் பற்றி இத்தனை வருடத்துக்குப் பிறகு மனநலக் கிளினிக்கில் போய்க் கதைக்க எனக்குத் துணிவு வந்ததே இந்தக் கோட்டைப் பார்த்துத்தான். மூச்சை ஒரு பக்கம் எடுத்து வைத்தபிறகு, மிச்சம் என்ன என்று தெளிவாகத் தெரிந்தது. கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தாங்களாகத் தீர்ப்புச் சொல்லவேண்டாம், நானும் டொக்டரிடம் காட்டித்தான் உறுதிப்படுத்தினேன். ஆனாலும் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருந்தது.

குறைகளும் இருக்கின்றன. எங்களைப் போலக் கறுத்த தோலுக்கு இந்த ஒளிமுறை ஒட்சிசனைக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரி நோயாளர்களின் இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டு, ஒக்சிமீற்றர் காணத் தவறிய ஒட்சிசன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று எழுதினார்கள். ஆகவே 94 ஆ 95 ஆ என்று மல்லுக்கட்டுவதில் பிரயோசனமில்லை. கோடு விழுந்து எழும்புகிறதா, எத்தனை தடவை, எந்த நேரத்தில் என்று பாருங்கள். கையை உதறி நுளம்பு அடித்தால்கூட ஒரு செங்குத்து வெட்டு விழும். மூச்சுத் தடை அப்படி வெட்டாது, சரிந்து இறங்கித்தான் ஏறும். கொஞ்ச நாள் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

முக்கியமான குறை, இதற்கு நித்திரை எது விழிப்பு எது என்று தெரியாது. ஒட்சிசன் இறங்காமலே மூளை விழித்து நித்திரை குழம்புகிற தடைகளும் உண்டு, அவை இதில் விழாது. அதனால்தான், கோடு நேராக இருக்கிறது எனக்கு வருத்தம் இல்லை என்று முடிவெடுக்க இதை வாங்கவேண்டாம் என்கிறேன். பகலில் அடக்கமுடியாத நித்திரை வந்தால், கோடு எப்படி இருந்தாலும் முறையான பரிசோதனைக்குப் போங்கள். இதைப் பார்த்து மெஷினின் அழுத்தத்தை நீங்களே கூட்டிக் குறைக்கவும் வேண்டாம்.

கைக்கடிகாரம் போதாதா என்றும் கேட்கிறார்கள். மகன் தன்னுடையதைத் தந்து கொஞ்ச நாள் கட்டிப் பார்த்தேன். படுத்துக்கொண்டு செபமாலை சொன்ன நேரத்தையும் நித்திரையாக எழுதியது. ஆழ்ந்த நித்திரை இவ்வளவு என்று அது தரும் மார்க்கை நான் எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சரியாகச் சொல்ல மூளை அலைகளைப் பதியவேண்டும். சம்சுங், அப்பிள் இரண்டின் கடிகாரங்களிலும் மூச்சுத் தடையைக் கவனிக்கும் வசதிக்கு 2024 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் வருத்தம் ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு அது உரியதல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். எங்களுக்கு அது உதவாது.

மழைக்காலத்தில் மரக்கொப்பு விழுந்து கரண்ட் போகும் இரவுகளில் இந்த மோதிரம் ஒரு விசயத்தைக் காட்டியது. மெஷின் இல்லாமல் மல்லாந்து படுத்தால் 82 வரை இறங்குகிறேன், சரிந்து படுத்தால் 90 க்குக் கீழே அநேகமாகப் போவதில்லை. எல்லாருக்கும் இப்படி இராது, பலருக்கு உண்டு. இப்போது கரண்ட் போனால் முதுகுக்குப் பின்னால் நெல்லு உமித் தலையணை ஒன்றை முட்டுக்கொடுத்துக்கொண்டு சரிந்து படுக்கிறேன். பற்றரியில் மெஷினை ஓட்டுகிறவர்கள் ஈரப்பதனூட்டும் சூட்டை நிறுத்திவிடுங்கள், கூடுதல் கரண்டைத் தின்பது அதுதான்.

விலை என் ஒரு மாதச் சம்பளத்தளவு வரும். கையில் அவ்வளவுதான் காசு இருக்கிறது, மாஸ்க்கும் பழசாகிவிட்டது என்றால் முதலில் புது மாஸ்க் வாங்குங்கள். மோதிரம் பிறகு பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் உத்தரவாதம் இங்கே செல்லாது, றப்பர் இளகினால் மாற்று வளையமும் கிளிநொச்சிக் கடைகளில் கிடைக்கவில்லை. வாங்கும்போதே இரண்டு வளையம் சேர்த்துக் கேளுங்கள். வெக்கை நாளில் வளையத்தின் கீழ் தோல் அவியும், கையை மாற்றி மாற்றிப் போட்டால் சுகம். ஒரு இரவுக்குச் சார்ஜ் தாராளமாகக் காணும், நான் காலையில் தேத்தண்ணி வைக்கும்போதே குத்திவிடுகிறேன்.

கிளினிக்குக்குப் போகும்போது போனை நீட்டாதீர்கள், அந்த நெரிசலில் அதைப் பெரிதாக்கிப் பார்க்க யாருக்கும் நேரம் இராது. மாங்குளத்தில் போட்டோக்கொப்பிக் கடையில் கலரில் அச்சடிக்கலாம். எல்லா இரவும் தேவையில்லை. நல்ல இரவு ஒன்று, மாஸ்க் கழன்ற இரவு ஒன்று, கரண்ட் போன இரவு ஒன்று. ஓரத்தில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், மாஸ்க் எப்போது கழன்றது, எப்போது திடுக்கிட்டு எழும்பினீர்கள் என்று பேனையால் எழுதிக் கொண்டுபோங்கள்.