ஒரே மருந்து, இரண்டு வாகனங்கள்: பேக்லிடாக்சலை எதில் ஏற்றுவது?

அம்மாவின் மார்பகப் புற்றுநோய் ஈரலுக்கும் பரவியபின், பினாங்குத் தீவில் அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் பேக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைத் தொடங்கினார்கள். பழைய வடிவம் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் கிரெமோஃபோரிலும் எத்தனாலிலும் கரைத்தது. அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெற்ற புதிய வடிவம், ஏறக்குறைய 130 நானோமீட்டர் அளவுள்ள, ஆல்புமின் என்ற இரத்தப் புரதத் துகள்களில் ஏற்றியது. முதல் சுற்று பழையதில், அதன்பின் துகளில் என்று மாறியவர்கள் நாங்கள். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

விலையில் பழையது வெகு மலிவு, அதில் வாதமில்லை. ஏற்றும் நேரம் பழையதற்கு மூன்று மணி, புதியதற்கு அரை மணி. பாலத்து நெரிசலைக் கடந்து எதிர்க்கரைப் பட்டர்வொர்த் திரும்பும் எங்களுக்கு அது ஆறுதலே தவிர, மாறியதற்குக் காரணம் அதுவன்று.

காரணம் ஸ்டீராய்டு. கிரெமோஃபோர் கடும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் முறையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 20 மில்லிகிராம் 12 மணி நேரம் முன்பும் 6 மணி நேரம் முன்பும் விழுங்குவது வழக்கம்: காலை பத்து மணிச் சிகிச்சைக்கு முந்தைய இரவு பத்துக்கும் விடியற்காலை நான்குக்கும். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும்; அம்மாவோ இருபது ஆண்டுச் சர்க்கரை நோயாளி. அன்று மாலை மீட்டர் லிட்டருக்கு 21.4 மில்லிமோல் காட்டியது, இரண்டு நாள் இன்சுலினைக் கூட்டியும் இறங்க மறுத்தது. துகள் வடிவத்தில் அந்தக் கரைப்பானே இல்லாததால் இம்மாத்திரைகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அடுத்த சுற்றில் 9-ஐத் தாண்டவில்லை.

கட்டியைச் சுருக்குவதில் எது மேல் என்பதில் நான் அவ்வளவு அடித்துப் பேச மாட்டேன். 460 பெண்களிடம் நடந்த ஆய்வில் துகளுக்கு 33 விழுக்காட்டினரும் பழையதற்கு 19 விழுக்காட்டினரும் பலன் கண்டனர். பின்னர் வாராந்தர முறையில் நடந்த பெரிய அமெரிக்க ஆய்விலோ துகள் பழையதை வெல்லவில்லை. முதல் ஆய்விலேயே கடும் நரம்பு மரப்பு துகளில் 10 விழுக்காடு, பழையதில் 2.

அந்தப் பத்தில் அம்மாவும் ஒருவர். நான்காம் சுற்றுக்குப் பிறகு சாமி படத்துக்கு மல்லிகை தொடுக்க உட்கார்ந்தவர், விரலில் நார் படுவதே தெரியவில்லை என்று கூடையைத் தள்ளிவைத்தார். மரப்பு தணியும்வரை நிறுத்திவைத்த மருத்துவர், உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராமாக இருந்த அளவை 220 ஆக்கினார். சர்க்கரை அந்த நரம்புகளை முன்பே அரித்திருக்கவும் கூடும். ஓர் உடம்பை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல இயலாது. இப்போது பூவைத் தங்கை தொடுக்கிறாள். மீட்டரை அம்மா தாமே குத்திப் பார்த்துக்கொள்கிறார்.