ஒரே ரிப்-ஐ, நான்கு வழிகள்: ஸ்டேக்கின் பதம் எதில் கைகூடும்?

டொராண்டோவில் நல்ல ரிப்-ஐ (மாட்டின் விலாப் பகுதியில் வெட்டும் ஸ்டேக்) துண்டு ஒன்று வாங்கினால் அந்த வார மளிகைக் கணக்கே இடிக்கும். அப்படி வாங்கி வந்ததை அடுப்பில் இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டால் போதும், போட்ட காசு போய்விடும். குழம்பில் உப்பு கூடினால் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டலாம். பதம் தாண்டிய ஸ்டேக்கை மீட்க வழி கிடையாது. அதனால்தான் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே கசாப்புக் கடையில், ஒரே தரத்தில் (கனடாவின் ‘டிரிபிள் ஏ’), நான்கு சென்டிமீட்டர் தடிமனில் ரிப்-ஐ வாங்கி, வார்ப்பிரும்பு வாணலி, கரி கிரில், ஓவன், சூ வீட் (பையில் அடைத்து வெந்நீரில் வேகவைப்பது) என்று நான்கு வழிகளிலும் மாற்றி மாற்றிச் சமைத்துப் பார்த்தேன்.

ஊரில் மாட்டுக்கறி சமைத்துப் பழகிய கைக்கு முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். வறுவலுக்கு நாம் வாங்குவது தொடை, தோள் என்று நன்றாக உழைத்த தசை. அதில் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் அதிகம். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் கிடந்தால்தான் அது கரைந்து ஜெலட்டினாகும். அதனால் குக்கரில் விசில் விசிலாக விடுகிறோம். வேக வேக மிருதுவாகிறது. டெண்டர்லாயின், ஸ்ட்ரிப்லாயின், ரிப்-ஐ எல்லாம் முதுகுப் பக்கத்தின் அதிகம் உழைக்காத தசைகள். கரைய வேண்டியது அவற்றில் குறைவு. வேக வேக அவை இறுகத்தான் செய்யும்.

ஏன் இறுகுகிறது என்பதும் சுவாரசியமானது. 50 டிகிரி வாக்கில் மயோசின் என்ற புரதம் கெட்டிப்படும். பச்சைக் கறியின் வழவழப்பு போய், கடிக்க இதமான பக்குவம் வருவது அதனால்தான். 60-ஐத் தாண்டும்போது மயோகுளோபின் தன் சிவப்பை இழக்கத் தொடங்கும். (தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை, இந்த மயோகுளோபின் கலந்த தண்ணீர்தான்.) 66-க்கு மேலே ஆக்டின் என்ற இன்னொரு புரதம் சுருங்கி, தசையில் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஆக, நடு சிவந்தே இருக்கும் ‘மீடியம் ரேர்’ பதத்துக்கு 54 முதல் 57, இன்னும் சற்று வெந்த ‘மீடியத்துக்கு’ 60 முதல் 63. இந்தக் குறுகிய இடைவெளிக்குள் நடுப்பகுதியை நிறுத்த வேண்டும். அதே சமயம் மேற்பரப்பு 140-ஐயும் தாண்டிச் சூடாக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வராது. உள்ளே 55, வெளியே 150. இரண்டையும் ஒரே துண்டில் கொண்டுவருவதுதான் சவால். வெட்டிப் பார்க்கும்போது மேலோட்டுக்கும் சிவந்த நடுவுக்கும் இடையே சாம்பல் நிறப் பட்டை எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அந்தப் பட்டை மெலிய மெலியச் சமையல் நேர்த்தி.

வார்ப்பிரும்பு வாணலியில் தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் வீட்டில் சாத்தியமானது அதுதான். கனமான இரும்பு சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும். குளிர்ந்த கறியை வைத்தாலும் சட்டென்று ஆறிப்போகாது. மேலோடு விளிம்புக்கு விளிம்பு ஒரே சீராகப் பொன்னிறமாவது இதில்தான். தடித்த இரும்புத் தோசைக்கல்லிலும் செய்யலாம், ஆனால் விளிம்பு இல்லாததால் உருகிய கொழுப்பு அடுப்பெல்லாம் தெறிக்கும். நான்ஸ்டிக் பாத்திரம் இந்தச் சூட்டுக்கு ஆகாது.

‘ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும், கறியைச் சீண்டாதே’ என்று பல இடங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படியே செய்தேன். அது தவறு. அரை நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிக்கொண்டே இருந்தால், மேலே பார்த்திருக்கும் பக்கம் கொஞ்சம் ஆறும். சூடு ஒரு பக்கமாகக் குவியாமல் மெல்ல உள்ளே இறங்கும். சாம்பல் பட்டை பாதியாகக் குறைந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மொத்த நேரமும் குறைகிறது. இதேபோல இன்னொரு பழைய நம்பிக்கை, அதிகச் சூட்டில் வாட்டினால் சாறு உள்ளேயே ‘பூட்டப்படும்’ என்பது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் சொன்னது. வாணலியில் ‘சுர்ர்’ என்று விடாமல் கேட்கிறதே, அது கறியிலிருந்து நீர் வெளியேறி ஆவியாகும் சத்தம்தான். எதுவும் பூட்டப்படவில்லை. வாட்டுவது ருசிக்காக, அது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டரை சென்டிமீட்டருக்குள் உள்ள துண்டு என்றால் வாணலியை எதுவும் மிஞ்சாது. கடைசி ஒரு நிமிடத்தில் வெண்ணெயும் தட்டிய பூண்டும் போட்டுக் கரண்டியால் மேலே அள்ளி விட்டால் போதும். வெண்ணெயை முதலிலேயே போட்டால் கருகிவிடும். ஆனால் நான்கு சென்டிமீட்டர் துண்டை வாணலியில் மட்டுமே முடிக்கப் பார்த்தால், நடு வேகும் முன் மேலோடு கசப்பேறத் தொடங்குகிறது. புகையும் சாதாரணப் புகை அல்ல. அடுக்குமாடி வீட்டில் அலாரம் அலறும், ஜன்னலைத் திறந்தால் வெளியே மைனஸ் பதினைந்து.

சுவையை மட்டும் பார்த்தால் கரிதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து, அந்தப் புகை திரும்ப ஏறிக் கறியில் படியும் மணத்தை வீட்டுக்குள் எந்த அடுப்பும் தராது. இன்று வட அமெரிக்கா முழுக்கக் கொல்லைப்புறங்களில் நிற்கும் அந்த உருண்டை கிரில்லை 1952-இல் ஜார்ஜ் ஸ்டீபன் உருவாக்கினார். சிகாகோ பக்கம் வெபர் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்தவர், கடலில் மிதக்கவிடும் மிதவைக்கான இரும்புக் கோளத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் வைத்தார். அந்த மூடிதான் விஷயமே. கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கம் காலியாக விட வேண்டும். கறியைக் காலிப் பக்கத்தில் மூடி போட்டு மெல்லச் சூடாக்கி, கடைசியில் தணலுக்கு மேலே தள்ளி வாட்ட வேண்டும். முழுவதும் கரியைப் பரப்பிவிட்டு நடுவில் கறியைப் போட்டால், கொழுப்பு விழுந்து தீ மேலெழும்பிக் கரிப்புகை படிந்து கசக்கும். அது வறுத்த மணம் இல்லை.

குறை என்னவென்றால் கரியின் சூடு நம் பேச்சைக் கேட்காது. காற்று வீசினால் ஏறும், தணல் சாம்பல் பூத்தால் இறங்கும். இதே ரிப்-ஐ மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் வெவ்வேறு நேரம் பிடித்தது. பால்கனியில் கரி மூட்டப் பல கட்டடங்களில் அனுமதியும் கிடையாது. கோடையில், வாசல் உள்ள வீட்டில், பொறுமையாக நிற்க ஆள் இருந்தால் கரி. காஸ் கிரில் பற்றிக் கேட்பீர்கள்: வசதியானது, ஆனால் வீட்டு உபயோகத்துக்கான பலவற்றில் மேலோடு பிடிக்கும் அளவுக்குச் சூடு வருவதில்லை.

ஓவனில் தொடங்கி வாணலியில் முடிப்பதை ‘ரிவர்ஸ் சியர்’ என்கிறார்கள். வழக்கமான முறையைத் தலைகீழாக்கி, முதலில் உள்ளே வேகவைத்து, பிறகு வெளியே வாட்டுவது. ஓவனை 110 முதல் 120 டிகிரியில் வைத்து, தட்டின் மேல் கம்பி வலை போட்டு, அதன்மேல் கறி. உள்சூடு 48, 49 வந்ததும் எடுத்து, புகை வரும் அளவுக்குக் காய்ந்த வாணலியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். அவ்வளவுதான்.

இது என்னைக் கவர்ந்ததற்குக் காரணம் நேரம். வாணலியில் கடைசிக் கட்டத்தில் உள்சூடு விறுவிறுவென்று ஏறும், தொலைபேசி அடித்தால் தீர்ந்தது. ஓவனில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் ஏறுகிறது. எடுக்க வேண்டிய தருணம் நமக்காகக் காத்திருக்கிறது. இன்னொன்று, ஓவனின் வறண்ட காற்றில் மேற்பரப்பு நன்றாகக் காய்ந்துவிடும். ஈரமான கறியை வாணலியில் போட்டால் முதலில் அந்த நீர் ஆவியாகி முடிய வேண்டும். அதுவரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, பழுப்பு நிறமும் வராது. காய்ந்த கறி வைத்த உடனே சிவக்கிறது, அதனால் உள்ளே சூடு ஏறவும் அவகாசமில்லை. சாம்பல் பட்டை சில மில்லிமீட்டர்தான். மெல்லிய துண்டுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம், வாட்டும் அந்த ஒரு நிமிடத்திலேயே உள்ளும் வெந்துவிடும்.

சூ வீட் பட்டையே இல்லாமல் கொண்டுவரும். பையில் காற்றை நீக்கி அடைத்து 55 டிகிரி நீரில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். நீரின் சூட்டைத் தாண்டிக் கறி சூடாகவே முடியாது, ஆகவே பதம் தவற வழியில்லை. 1974-இல் பிரான்சில் ஜார்ஜ் பிராலு என்ற சமையல் வல்லுநர் வாத்துக் கல்லீரல் உருகி வீணாகாமல் இருக்க இந்த வழியைக் கையாண்டார். எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே பதத்தில் பரிமாற இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பையிலிருந்து வரும் கறி நனைந்து சொதசொதவென்று இருக்கும். காகிதத் துண்டால் எவ்வளவு ஒற்றினாலும் ஓவனில் காய்ந்ததற்கு ஈடாவதில்லை, மேலோடு ஒரு படி கீழேதான். நான்கைந்து மணி நேரம் மறந்து விட்டுவிட்டால் நார் குழைந்து, மென்று தின்ன எதுவுமில்லாமல் போகிறது. 54 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் வைப்பது பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பது, அதைச் செய்யவே கூடாது. நான்கு பேர் உள்ள என் வீட்டுக்கு இது தேவைப்படவில்லை.

எந்த வழியானாலும் பதம் பார்ப்பது எப்படி? பாகில் கம்பிப் பதத்தை விரலால் பார்க்கிறோமே, அதுபோல உள்ளங்கையில் கட்டைவிரலடிச் சதையைத் தொட்டு, பிறகு கறியைத் தொட்டு ஒப்பிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பாகு எப்போதும் சர்க்கரையும் தண்ணீரும்தான், அதனால் விரல் ஏமாற்றாது. கறி அப்படியில்லை: டெண்டர்லாயின் வெந்தாலும் மிருதுவாகவே இருக்கும், ஸ்ட்ரிப்லாயின் வேகுமுன்பே விறைப்பாக இருக்கும். தினம் நூறு துண்டு செய்யும் உணவகக் கைக்கு அது சரி. கடிகாரமும் அப்படித்தான், தடிமன் அரை சென்டிமீட்டர் மாறினால் கணக்கு மாறும். நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு துண்டு ரிப்-ஐ விலைக்கே கிடைக்கும். பக்கவாட்டில் குத்தி, எலும்பும் கொழுப்பும் இல்லாத நடுவுக்கு முனையைக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நீரில் விட்டால் பூஜ்யம் காட்டுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வாணலியில் செய்தால் வேண்டிய சூட்டுக்கு மூன்று நான்கு டிகிரி முன்பே எடுங்கள், இறக்கி வைத்த பிறகும் ஏறும்.

உப்பை ஒன்று அடுப்பில் வைக்கும் அந்த நொடியில் போடுங்கள், அல்லது முக்கால் மணி நேரம் முன்பே போடுங்கள். இடைப்பட்ட பத்து இருபது நிமிடம்தான் மோசம்: உப்பு இழுத்த நீர் மேலே நிற்கும், திரும்ப உள்ளே போயிருக்காது.

பாதுகாப்பு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். கனடா சுகாதாரத் துறை மீடியம் ரேருக்கே 63 டிகிரி என்கிறது. அமெரிக்காவிலும் 63, கூடவே மூன்று நிமிடம் ஆறவிடச் சொல்கிறார்கள். சமையல்காரர்களின் 54, 57 எல்லாம் அதற்குக் கீழே. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருப்பதால் வாட்டும்போது அழிகின்றன, அந்தத் துணிச்சலில்தான் பலரும் சாப்பிடுகிறோம். ஆனால் மிருதுவாக்குவதற்காக இயந்திரத்தில் ஊசியோ கத்தியோ குத்திய கறியும் கடைகளில் வருகிறது. குத்தும்போது மேலே இருப்பது உள்ளே போய்விடும். கனடாவில் 2014 முதல் அப்படிப்பட்ட கறியின் லேபிளில் அதைக் குறிப்பிடுவது கட்டாயம். அந்த லேபிளைப் பார்த்தால் 63-க்குக் குறையக் கூடாது. கொத்துக்கறிக்கு 71. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்களுக்கு அரசு சொல்லும் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரிவர்ஸ் சியரை முடிவாக்கித் தந்தது மாமனார்தான். சென்ற மாதம் வந்திருந்தவர் தட்டைப் பார்த்து, “உள்ளே சிவப்பா இருக்கே மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் வேகட்டுமே” என்றார். அது ரத்தமில்லை மாமா என்று விளக்கினேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை, எழுபது வயதுக்காரருக்கு அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட. வாணலியில் என்றால் அவர் துண்டுக்காக நாங்கள் காத்திருப்போம், இல்லை எங்களுடையது ஆறிப்போகும். சூ வீட் தொட்டி ஒரு சூட்டில்தான் நிற்கும். ஓவன் ஒன்றில் மட்டும் இரண்டு பதம் ஒரே சமயத்தில் முடிகிறது. நன்றாக வேக வேண்டும் என்பவர்களுக்கு டெண்டர்லாயின் வேண்டாம், கொழுப்பில்லாததால் வறண்டுவிடும். கொழுப்பு ஓடிய ரிப்-ஐ 66 டிகிரியிலும் ஈரமாகவே இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனாரின் துண்டை முதலில் உள்ளே வைக்கிறேன். பத்து நிமிடம் கழித்து எங்களுடையது போகிறது. எங்களுடையது 49-ஐத் தொடும்போது அவருடையது 63 வாக்கில் இருக்கும். ஜன்னலை ஒரு கை அகலம் திறந்துவிட்டு, வாணலியைக் காயவைக்க வேண்டியதுதான்.