கடலோரக் காரின் டோர் பேடுக்கு எந்தப் பலகை: ஹார்ட்போர்டா, மெரைன் பிளைவுட்டா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசிடருக்கு நான் இரண்டு முறை டோர் பேட், அதாவது கதவின் உட்புறத்தை மூடும் உறையிட்ட பலகை, செய்திருக்கிறேன். 2024 கோடையில் 3 மி.மீ. ஹார்ட்போர்டில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) செய்தவை அந்த ஆண்டு முடிவதற்குள் பாழாயின. 2025 தொடக்கத்தில் 4 மி.மீ. மெரைன் பிளைவுட்டில் செய்தவை இன்றும் கதவோடு கதவாக இருக்கின்றன. ஆகவே, நான் பிளைவுட்டின் பக்கம் சாய்ந்திருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலுறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. துணி தொடுவதற்கு இதமானது, ஆனால் கடற்காற்றின் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ரெக்சினைத் துடைத்தால் போதும். 6 மி.மீ. ஸ்பாஞ்சும், இருபுறமும் தடவிச் சற்றுக் காயவிட்டு ஒட்டும் ரப்பர் பசையும் இரண்டு பலகைக்கும் பொதுவானவை. விலையில் ஹார்ட்போர்டு குறைவு. எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஹார்ட்போர்டு அடர்த்தி மிகுந்தது என்பதால் அதன் 3 மி.மீ. பலகையும் பிளைவுட்டின் 4 மி.மீ. பலகையும் ஏறக்குறைய ஒரே கனம்தான்.

வேலை சுலபம் என்று பார்த்தால், முதன்முதலாகச் செய்பவருக்கு ஹார்ட்போர்டுதான் கைகொடுக்கும். பழைய பேடை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, கூரான கத்தியால் நாலைந்து முறை கீறினால் பலகை சுத்தமாகப் பிரிந்துவிடும். கதவின் வளைவுக்கும் எளிதில் படியும்.

ஆனால் தண்ணீர் என்று வரும்போது கதை மாறுகிறது. கார்க் கதவு நீர் புகாத பெட்டி அன்று. கண்ணாடியை ஒட்டியுள்ள பீடிங் என்னும் ரப்பர் பட்டை வழியாக மழைநீர் உள்ளே இறங்கி, கதவின் அடியில் உள்ள வடிதுளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதே அதன் அமைப்பு. அந்த ஈரத்துக்கும் பலகைக்கும் நடுவே இருப்பது ஒரு பாலிதீன் தாள் மட்டுமே. பழைய வண்டிகளில் அதுவும் பெரும்பாலும் கிழிந்திருக்கும். முன்புறம் ரெக்சின் காற்றை அடைத்துவிடுவதால், நனைந்த பலகை பின்புறமாக மட்டுமே காய முடியும். அந்தப் பின்புறமோ ஈரம் தேங்கும் கதவின் உட்பக்கம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த மழையில் எங்கள் வண்டி வெட்டவெளியில் நின்றது. ஒரு வாரம் கழித்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தபோது பேடின் அடிவிளிம்பு உப்பி, ரெக்சின் சுருங்கி நின்றது. மெதுவாக இழுத்துப் பார்த்தேன். பேடைக் கதவோடு பிடித்து வைக்கும் கிளிப்புகள் கதவிலேயே தங்கிவிட்டன. அவற்றைப் பிடித்திருந்த துளைகள் நனைந்த அட்டையைப் போலப் பிய்ந்து பலகையோடு வந்தன. முகப்பில் வார்னிஷ் பூசிய நான், வெட்டிய விளிம்புகளையும் கிளிப் துளைகளையும் பூசாமல் விட்டிருந்தேன், நீர் ஏறியது அங்கேதான். எல்லாப் பக்கமும் பூசியிருந்தால் ஹார்ட்போர்டு இன்னும் சில காலம் தாங்கியிருக்கும் என்பதை மறுக்க மாட்டேன்.

மெரைன் பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 72 மணி நேரம் நீரில் கொதிக்கவைத்தும் அடுக்குகள் பிரியாத பசைதான் அந்தத் தரத்தின் அடிப்படை; ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதாரண ரகத்தை இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. நனைந்தாலும் இது உப்பாது, கிளிப்பையும் விடாது. இதிலும் விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்தேன்.

இதற்கான உழைப்பு கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். ஜிக்சா என்னும் மின்ரம்பம் இல்லாமல் வெட்டுவது சிரமம், வெட்டும் கோட்டில் ஒட்டுத்தாள் ஒட்டாவிட்டால் மேலடுக்கு சிலும்பும். கிளிப்புகள் 3 மி.மீ. பலகைக்கு அளவானவை என்பதால், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பின்புறமாக உளியால் ஒரு மில்லிமீட்டர் சீவி எடுத்தேன். நான்கு கதவுக்கும் அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஸ்டேப்ளர் பின் பலகையின் தடிமனைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முனை ரெக்சினைக் குத்தும்.

பி.வி.சி. ஃபோம் ஷீட்டைப் பயன்படுத்தலாமே என்று குஷன் கடைக்காரர் ஒருவர் சொன்னார். அது நீருக்கு அஞ்சாது என்பது உண்மை. ஆனால் மே மாத வெயிலில் டேஷ்போர்டின் மேல் நான் வைத்த ஒரு சாண் துண்டு மாலைக்குள் வளைந்திருந்தது. கதவில் அவ்வளவு சூடு ஏறாது, என் சோதனையும் அந்த ஒரு துண்டோடு முடிந்தது என்பதால் அதை அடியோடு தள்ளவில்லை. பிளைவுட்டும் என் வண்டியில் ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழையைத்தான் கண்டிருக்கிறது.

எந்தப் பலகையானாலும், பேடை மாட்டுவதற்கு முன் கிழிந்த பாலிதீனை எடுத்துவிட்டுப் புதியதைக் கதவு முழுவதும் ஒட்டி, அதன் கீழ்விளிம்பைக் கதவுக்குள் செருகிவிட வேண்டும். பிறகு ஒரு கம்பியால் வடிதுளைகளைக் குத்திப் பாருங்கள்; எங்கள் வண்டியின் பின்கதவு ஒன்றில் மூன்று துளைகளும் மண்ணால் அடைந்திருந்தன.