கல்லைக் கொடுக்கும் முன் எந்த முறையில் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்

சிறுநீரகக் கல் எடுத்தவர்களும் எடுக்கப் போகிறவர்களும் படித்தால் போதும். மற்றவர்கள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். என் கல்லைத் தவறாகச் சொன்ன லேப்பின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அந்த ஒன்றை விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றின் வாசலில் போய் நிற்பீர்கள்.

நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறை எனக்கு. வெல்டிங் சூட்டில் நிற்கிறவனுக்குத் தண்ணீர் ஞாபகம் வராது, டீதான் ஓடும். சர்க்கரை நோயும் உண்டு. 2021-ல் விலாவில் ஆரம்பித்து அடிவயிறு வரை இழுத்த வலியில் சுருண்டுவிட்டேன். ஸ்கேனில் 9 மில்லிமீட்டர் கல். லேசர் போட்டு உடைத்து எடுத்தார்கள். துணுக்குகளைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்து, "என்ன கல்லுன்னு லேப்ல பாத்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

பக்கத்திலேயே ஒரு லேப். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரை. 650 ரூபாய். பாதியை மட்டும் கொடுத்தேன். மீதியை வைத்துக்கொண்டதற்குக் காரணம் அறிவு இல்லை, இவ்வளவு வலி கொடுத்ததை நாலு பேரிடம் காட்ட வேண்டுமே என்ற ஆசைதான். இரண்டாம் நாள் ஒரு பக்க ரிப்போர்ட் வந்தது. கால்சியம் பாசிட்டிவ், ஆக்சலேட் பாசிட்டிவ், யூரிக் ஆசிட் நெகட்டிவ். கீழே தடித்த எழுத்தில் "கால்சியம் ஆக்சலேட் கல்".

அன்றிலிருந்து வீட்டில் பசலைக்கீரை, பீட்ரூட், நிலக்கடலை எல்லாம் கட். நானாகப் பாலையும் தயிரையும் நிறுத்தினேன். (இது தனி முட்டாள்தனம். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் குடலில் ஆக்சலேட் இன்னும் அதிகமாக உறிஞ்சப்படும் என்று பிறகுதான் சொன்னார்கள்.) கீரை போன இடத்தை ஈரலும் நெத்திலியும் பிடித்துக்கொண்டன. இரண்டும் யூரிக் ஆசிட்டைக் கூட்டுபவை, ஆனால் ரிப்போர்ட்டே அது இல்லை என்று சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன பயம்?

2023-ல் மறுபடியும் அதே வலி. இந்த முறை சேலத்தில் வேறு ஒரு டாக்டர். எக்ஸ்ரேயில் கல்லே தெரியவில்லை, சிடி ஸ்கேனில் பளிச்சென்று இருந்தது. பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "கால்சியம் ஆக்சலேட் இந்த அளவு இருந்தா எக்ஸ்ரேல தெரியணும். யூரிக் ஆசிட் கல்லுதான் இப்படி ஒளிஞ்சுக்கும். சரி, இதுல எந்த முறையில பாத்தோம்னே போடலையே?" என்றார். மெதட் என்று ஒரு கட்டம் இருந்தது, காலியாக.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, துளித்துளியாக ரசாயனம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. கால்சியம் இருக்கிறதா, ஆக்சலேட் இருக்கிறதா என்று தனித்தனியாகத்தான் அது சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. நூற்றில் பத்து பங்கு இருந்தாலும் பாசிட்டிவ், தொண்ணூறு இருந்தாலும் பாசிட்டிவ். ஆக்சலேட்டிலேயே மோனோஹைட்ரேட், டைஹைட்ரேட் என்று இரண்டு வகை உண்டு, அதையும் பிரித்துக் காட்டாது. கொடுத்த கல்லும் கரைந்து போய்விடும். எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்புக் கதிர் முறையில் அந்தந்தப் பொருளுக்கு ரேகை மாதிரி ஒரு கோடு வரும். அதைத் தெரிந்த கோடுகளோடு ஒப்பிட்டு, எது எத்தனை சதவீதம் என்று சொல்கிறார்கள். எக்ஸ்ரே கதிரைப் படிகத்தில் பாய்ச்சிப் பார்க்கும் முறையும் இருக்கிறது, ஆனால் அதைச் செய்யும் இடங்கள் குறைவு.

சந்தேகம் வந்தால் லாரிக்காரன் என்ன செய்வான்? ஏற்றிய சரக்கை இன்னொரு எடைமேடையில் நிறுத்துவான். மீதித் துணுக்குகளை டாக்டரிடமே கொண்டுபோனேன். கல் அடுக்கடுக்காக வளரும், ஒரு துண்டு போல இன்னொரு துண்டு இருக்காது என்று சொல்லி, எல்லாவற்றையும் நன்றாகப் பொடித்துக் கலந்து மூன்று பொட்டலமாக்கிக் கொடுத்தார். ஒன்று சென்னையில் எஃப்டிஐஆர் செய்யும் லேப்புக்கு. மற்ற இரண்டும் அதே பழைய லேப்புக்கு, ஒன்று என் பெயரில், இன்னொன்று என் மனைவி பெயரில். "எனக்கு எப்போங்க கல்லு வந்துச்சு?" என்று அவள் கேட்டது வேறு கதை.

சென்னை ரிப்போர்ட்: யூரிக் அமிலம் 90%, கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் 10%. பழைய லேப்பில் என் பொட்டலத்துக்கு கால்சியம், ஆக்சலேட், பாஸ்பேட் மூன்றும் பாசிட்டிவ், யூரிக் ஆசிட் நெகட்டிவ். என் மனைவி பொட்டலத்தில் பாஸ்பேட் காணாமல் போய், யூரிக் ஆசிட் "டிரேஸ்", அதாவது துளியளவு, என்று வந்தது. ஒரே பொடி, ஒரே நாள், ஒரே கை.

மூன்றையும் மேனேஜர் மேஜையில் வைத்தேன். முதலில் "சாம்பிள் கெட்டுப்போயிருக்கும் சார்" என்றார். அதே சாம்பிள்தான் சென்னைக்கும் போனது என்றேன். "நாங்க என்ஏபிஎல் லேப் சார்" என்றார். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அந்த முத்திரை லேப் முழுவதற்கும் போட்ட சாயம் இல்லை. எந்தெந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் என்று ஒரு பட்டியல் உண்டு, என்ஏபிஎல் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இவர்கள் பட்டியலில் சர்க்கரை, கிரியாட்டினின், ரத்த அணுக்கள் எல்லாம் இருந்தன. கல் இல்லை. வெளியிலிருந்து யாராவது தெரிந்த பொடியை அனுப்பி, நீங்கள் சொல்வது சரிதானா என்று சோதித்திருக்கிறார்களா என்று கேட்டேன். மனைவி பெயரில் கொடுத்தது ஏமாற்று வேலை என்று என் மேலேயே கோபப்பட்டார். கடைசியில் 650 ரூபாயைத் திருப்பித் தர முன்வந்தார். வாங்கிக்கொண்டேன், ஏன் விட வேண்டும்?

இந்தச் சோதனையை ஜெர்மனியில் 1980-லிருந்தே முறையாகச் செய்திருக்கிறார்கள் என்றார் சேலம் டாக்டர். தெரிந்த பொடிகளைப் பங்கெடுக்கும் லேப்களுக்கு அனுப்பி விடை கேட்பார்களாம். 2001 வரை 44 சுற்று. ரசாயன முறைக்காரர்கள் கலப்பே இல்லாத பொருட்களில்கூடத் தவறியிருக்கிறார்கள். பொருளுக்குப் பொருள் அந்தத் தவறு 6.5 சதவீதத்திலிருந்து 94 வரை போயிருக்கிறது. ஆரம்பத்தில் 80 சதவீதத்துக்கு மேல் லேப்கள் அந்த முறையை வைத்திருந்தன, கடைசியில் 13 ஆகிவிட்டது. நம் எடைமேடைக்கே தொழிலாளர் துறை வந்து முத்திரை வைக்கிறது. சரளைக்கு இருக்கும் அக்கறை சிறுநீரகத்துக்கு இல்லை.

யூரிக் அமிலக் கல் கரையக்கூடிய கல். எனக்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து, தினமும் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.5 பக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். 7-ஐத் தாண்டவிட்டால் பாஸ்பேட் கல் சேரும், அதனால் நீங்களாக மருந்தை வாங்கிக் குடித்துவிடாதீர்கள். மூன்று மாதத்தில் இரண்டாவது கல் கத்தி, லேசர் எதுவும் இல்லாமல் கரைந்தது. 2021-லேயே சரியான ரிப்போர்ட் வந்திருந்தால் அது உருவாகியே இருக்காது என்று எவனும் எழுதித் தர மாட்டான். ஆனால் அந்த நெத்திலியை நான் தொட்டிருக்க மாட்டேன்.

போன வாரம் மச்சினனுக்குத் தானாகவே ஒரு கல் விழுந்தது. டேப்பில் ஒட்டாதே, பசை சேர்ந்தால் ரிசல்ட் குழம்பும். ஃபார்மலினில் போடாதே. கழுவிக் காயவைத்து, பாதியை வீட்டில் வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு முன் லேப்புக்கு ஒரு போன் போடு என்றேன். ஸ்பீக்கரில் போட்டான்.

"எந்த முறையில பாப்பீங்க?"

"மெஷின்லதான் சார்."

"என்ன மெஷினுங்க?"

"பெரிய மெஷின் சார்."

கல் இன்னும் அவன் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை சென்னைக்குக் கூரியரில் போகும்.